மயோர்க்காவில் ஏழு இரவு: கையில் கொஞ்சம் காசு இருந்தால் எங்கே தங்கலாம்?

கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். வருகிற செப்டம்பர் கடைசியில் எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம். பிள்ளைகள் வரவில்லை, நாங்கள் இருவர் மட்டும்தான். இத்தனை வருடமும் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கிற பேக்கேஜ். இந்த முறை அப்படி வேண்டாம் என்று இருவரும் கதைத்து முடிவெடுத்தோம். விமானச் செலவு நீங்கலாக 6,000 யூரோ ஒதுக்கியிருக்கிறோம். இடம் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவு என்பது வரை சண்டையில்லை.

கணவருக்குக் கடலைப் பார்த்த ரூமும் பெரிய நீச்சல் குளமும் உள்ள ஐந்து நட்சத்திர ஓட்டல்தான் ஆசை. எனக்கு வேறு ஏதோ வேண்டும். வடிவான, பழைய, அந்த ஊருக்கே உரிய ஓர் இடம். இணையத்தில் தேடினால் எல்லா ஓட்டலும் ஒன்றுபோலத் தெரிகிறது. வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளை மெத்தை, குளத்தோரம் இரண்டு சாய்வு நாற்காலி. ஸ்பெயின் என்றும் சொல்லலாம், துபாய் என்றும் சொல்லலாம். கணவர் சுத்த சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இந்தக் காசை எங்கே செலவழித்தால் மனம் நிறையும்?

---

மேற்குமலை எழுதியது:

வாழ்த்துகள் சகோதரி. நான் நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை உங்கள் கணவர் சொல்வது போன்ற ஓட்டலில்தான் தங்கினோம். பெயர் வேண்டாம். ஆகஸ்ட் மாதம். காலை ஏழு மணிக்கே குளத்தோர நாற்காலிகள் எல்லாவற்றிலும் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். ஏழு நாளும் அந்த வளாகத்துக்குள்ளேயே கழிந்தது. ஊருக்குத் திரும்பியபோது அந்தத் தீவைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

இரண்டாம் முறை மேற்கே மலைப்பக்கம் போனோம். தீவின் வடமேற்குக் கரை முழுக்க நீளும் டிராமுந்தானா மலைத்தொடர் அது. 2011-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மலை அழகு மட்டும் அதற்குக் காரணமில்லை. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் அந்த மலையைச் செதுக்கி வைத்திருக்கும் விதத்துக்காகத்தான் அந்த அங்கீகாரம். சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், படிப்படியாக இறங்கும் ஆலிவ் தோட்டங்கள், அரேபியர் காலத்திலிருந்து வரும் வாய்க்கால்கள். 1229-இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவுமே வந்து தீவைப் பிடித்தார். அதற்கு முன் முந்நூறு வருடத்துக்கும் மேல் அது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பினியாராய்ச், பினிசாலெம், பன்யல்பூஃபார் என்று ஊர்ப் பெயர்களில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் தங்கியது சோயெர் பள்ளத்தாக்கின் மேலே ஒரு பழைய பண்ணை வீடு. அங்கே இதை அக்ரோதுரிஸ்மே என்கிறார்கள். மொத்தம் எட்டு ரூம்தான். கீழே சாப்பாட்டு அறையாக இருப்பது ஒரு காலத்தில் ஆலிவ் செக்கு ஓடிய கூடம். பெரிய கல் உருளை இன்னும் நடுவில் கிடக்கிறது. நீச்சல் குளம் என்று அவர்கள் காட்டியது உண்மையில் பாசனத் தொட்டி. சபரெச் என்பது அதன் பெயர். மூன்று பக்கம் கல் சுவர், நான்காம் பக்கம் மலைப்பாறை. மூலையில் கையகலக் கல் வாய்க்கால் வழியாக ஊற்றுநீர் விழுந்துகொண்டே இருக்கும். நிரம்பி வழிவது கீழே ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போகும். தண்ணீர் சில்லென்று இருக்கும், இறங்கியதும் மூச்சு அடைக்கும். இரண்டு நிமிடத்தில் உடம்பு பழகிவிடும். அண்ணாந்து பார்த்தால் சாம்பல் நிறப் பாறை, மேலே கழுகு. எந்த ஐந்து நட்சத்திரக் குளத்திலும் இது கிடைக்காது.

இப்படிப்பட்ட இடங்களில் செப்டம்பர் கடைசியில் ஓர் இரவுக்கு 300, 400 யூரோவுக்குள் நல்ல ரூம் கிடைக்கும். நான்கு இரவு அங்கே, மூன்று இரவு தீவின் தலைநகர் பால்மாவுக்குள். இதுதான் என் யோசனை.

---

நிலாமுற்றம் எழுதியது:

மேற்குமலை அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடலுக்காகப் போகிறவரை மலையில் தங்கச் சொல்வது சரியா? உங்கள் கணவர் ஆசையிலும் நியாயம் இருக்கிறது அக்கா. நல்ல கடலோர ஓட்டல் என்பது துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஓட்டல் மட்டும் இல்லை.

தீவின் வடகோடியில் போர்மென்தோர் இருக்கிறது. 1929-இல் ஓர் அர்ஜென்டினாக்காரர் அங்கே ஓர் ஓட்டல் கட்டினார். அப்போது அங்கே ஒழுங்கான சாலை கூடக் கிடையாது. மயோர்க்காவில் சொகுசு விடுமுறை என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம். பைன் மரங்கள் கடற்கரை மணல் வரை வந்து நிற்கும். 2024-இல் ஃபோர் சீசன்ஸ் நிறுவனம் அதைப் புதுப்பித்துத் திறந்தது. விலை உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே போகலாம், ஆனால் கடற்கரை எல்லோருக்கும் பொது. ஸ்பெயினில் எந்த ஓட்டலும் கடற்கரையைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு நாள் போய் நீந்திவிட்டு வாருங்கள். கோடையில் பகலில் அந்தச் சாலையில் தனியார் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, பேருந்தில் போவது நல்லது.

இன்னொன்று, பால்மா வளைகுடாவின் கிழக்குப் பக்கம் இருக்கும் காப் ரொகாத். பழைய இராணுவக் கோட்டை. பீரங்கி நின்ற இடங்களை ரூமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரே ஓர் இரவு அங்கே தங்கினாலும் போதும். 25-ஆம் வருடம் மறுபடி வராது.

---

பால்மாவாசி எழுதியது:

நான் பதினொரு வருடமாகப் பால்மாவில் இருக்கிறேன். ஓர் ஓட்டலில் வேலை. உள்ளே இருந்து பார்க்கிற ஆள் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் மாதம். செப்டம்பர் கடைசி மிகச் சரியான தேர்வு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் இதமாக இருக்கும். மே மாதம் மலை அழகு, ஆனால் தண்ணீர் குளிரும். ஜூலை, ஆகஸ்டில் காசு இரட்டிப்பு, கவனிப்பு பாதி. எங்களுக்கே ஓய்வு இருக்காது. எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும், ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவனால் உங்களை நினைவு வைத்துக்கொள்ள முடியாது. அக்டோபர் முடிந்தால் மலைப்பக்கமும் கடற்கரைப்பக்கமும் பல இடங்களை மூடிவிடுவார்கள். என் நண்பர்கள் நிறையப் பேர் வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை, மீதி மாதம் அழைப்புக்குக் காத்திருப்பது என்கிற ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பால்மாவைப் பகல் சுற்றுலாவாக வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் கப்பல் பயணிகளும் இருப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று சுற்றுலாக் கப்பல் என்று 2022-இலிருந்து ஒரு வரம்பு உண்டு, ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். அவர்கள் மாலையில் போனபிறகு ஊர் வேறு முகம் காட்டும். பழைய நகரத்தில் பிரபுக்களின் மாளிகைகள் நிறைய உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் மொட்டைச் சுவரும் பெரிய மரக்கதவும்தான். கதவு திறந்திருந்தால் உள்ளே கல் பாவிய முற்றம், தட்டையான வளைவுகள், மாடிக்கு ஏறும் அகலப் படிக்கட்டு, நடுவில் ஒரு கிணறு. நம் ஊர்ப் பழைய வீட்டு முற்றம் போலவே மழையும் வெளிச்சமும் நேராக உள்ளே விழும். இந்த மாளிகைகளில் சில இப்போது சிறு ஓட்டல்கள். இருபது, முப்பது ரூம். அங்கேதான் மூன்று இரவு தங்க வேண்டும்.

மூன்றாவது, தனியார் வீட்டை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் கவனம். பால்மா நகரத்தில் அடுக்குமாடி ஃபிளாட்டுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது 2018-இலிருந்து தடை. மற்ற இடங்களில் உரிமம் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் இ.டி.வி. (ETV) என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தங்கும் வரி தனி. நீங்கள் வரும் மாதத்தில் ஐந்து நட்சத்திரத்துக்கு 16 வயது நிரம்பிய ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதற்கு மேல் கொஞ்சம் மதிப்புக்கூட்டு வரி. பெரும்பாலும் ஓட்டலிலேயே கட்ட வேண்டியிருக்கும்.

---

மேற்குமலை எழுதியது:

பால்மாவாசி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நிலாமுற்றம், கோட்டையில் ஓர் இரவு என்பது நல்ல யோசனை. ஆனால் ஏழு இரவில் மூன்று இடம் மாறினால் பெட்டியைக் கட்டுவதிலேயே நாள் போகும். இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம் என்பேன்.

---

கடலோரம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மிக்க நன்றி. எல்லாவற்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பாசனத் தொட்டியில் குளிப்பது என்றதும், பருத்தித்துறையில் அவர் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றுத் தொட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஆக, மலைக்கு அவர் சம்மதம்.

சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். நல்ல ஓட்டலில் போய் அவர் பச்சை இலையும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டு வரக்கூடாது. அப்புறம், கார் வேண்டுமா?

---

பால்மாவாசி எழுதியது:

சைவத்துக்கு இந்தத் தீவு நல்ல இடம், ஒரு கண்ணி மட்டும் உண்டு. காலை உணவில் சுருள் சுருளாக, மேலே மாவுச் சர்க்கரை தூவிய ஒரு பன் வரும். என்சைமாதா. பார்க்கப் பாவம்போல இருக்கும். ஆனால் சாயிம் என்றால் பன்றிக்கொழுப்பு. அதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. சூப்பிலும் காய்கறிப் பிரட்டலிலும்கூடச் சில இடத்தில் அதே கொழுப்பு இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அவர் கேட்க வேண்டியது தும்பெத். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் பொரித்து, அடுக்கி, மேலே தக்காளிக் குழம்பை ஊற்றுவார்கள். நன்றாகச் செய்தால் ஒவ்வொரு அடுக்கின் ருசியும் தனியாகத் தெரியும். அடுத்தது பா அம்ப் ஒலி. பெயருக்கு அர்த்தம் ரொட்டியும் எண்ணெயும், அவ்வளவுதான். இங்கே நாட்டு ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். அதன்மேல் ரமயெத் என்கிற சின்னத் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, கல்லுப்புத் தூவித் தருவார்கள். அந்தத் தக்காளியைக் கொத்துக் கொத்தாக நூலில் கோர்த்து உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கெடாது. இனிப்புக்கு காதோ, அதாவது வாதுமை கேக். மாவும் கொழுப்பும் இல்லை, முட்டை உண்டு. முட்டை சாப்பிடுவார் என்றால் வாதுமை ஐஸ்கிரீமோடு கேளுங்கள்.

கார் மலைப்பக்கம் இருக்கும் நான்கு நாளுக்கு மட்டும். பால்மாவில் கார் தலைவலி. வல்தெமோசா, தேயா, சோயெர் மூன்றையும் தொடும் 203-ஆம் எண் பேருந்து நன்றாகவே ஓடுகிறது. பால்மாவிலிருந்து சோயெருக்கு 1912-இல் ஓடத் தொடங்கிய மரப்பெட்டி ரயில் இருக்கிறது. 13 சுரங்கம். ஒரு வழி ரயில், திரும்பி வர பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சோயெர் நிலையத்திலேயே பிக்காசோவின் மண்பாண்டங்களும் மிரோவின் ஓவிய அச்சுகளும் இரண்டு அறைகளில் வைத்திருக்கிறார்கள். பலரும் டிராம் பிடிக்கிற அவசரத்தில் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

---

தறிக்காரி எழுதியது:

இந்த இழையில் துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் நெசவுத் துறையில் இருப்பவள், அதனால் சொல்லாமல் போக மனமில்லை.

மயோர்க்காவின் பழைய வீடுகளில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, நாற்காலி உறை எல்லாவற்றிலும் ஒரு துணியைப் பார்ப்பீர்கள். வெள்ளையில் நீலமோ பச்சையோ தீ நாக்குப் போல ஓரம் கலைந்து ஓடும். ரோபா தெ யெங்குவெஸ், நாக்குத் துணி என்று பெயர். அது இக்கத். பாவு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்பே கட்டுப் போட்டுச் சாயம் தோய்க்கிறார்கள். அதனால் வடிவம் துணியின் மேலே அச்சடித்தது போல இருக்காது, நூலுக்குள்ளேயே இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். நம் நாட்டில் போச்சம்பள்ளியிலும் ஒடிசாவிலும் இதே அடிப்படை முறையில்தான் நெய்கிறார்கள். ஆசியாவிலிருந்து வணிகப் பாதை வழியாக மத்தியதரைக் கடலுக்கு வந்த கலை, இங்கே இந்த ஒரு தீவில் சில குடும்பங்களின் கையில் தங்கிவிட்டது.

பொயென்சாவில் 1854-இலிருந்து நெய்யும் விசென்ஸ் குடும்பத்தின் தறிக்கூடம் இருக்கிறது. சாந்தா மரியா தெல் காமியில் புஹோசா தறிக்கூடம். மீட்டர் விலை அதிகம்தான். ஒரு தலையணை உறையாவது வாங்குங்கள் அக்கா. விமான நிலையத்தில் விற்பது பெரும்பாலும் அச்சடித்த நகல். திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

ஒரு கேள்வி, உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2024 ஜூலையில் பால்மாவில் பல்லாயிரம் பேர் சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். நாம் போவதே தப்பா?

---

பால்மாவாசி எழுதியது:

நானும் அந்த ஊர்வலத்தில் நடந்தேன். ஓட்டலில் வேலை செய்துகொண்டு எப்படி நடக்கிறாய் என்று கேட்டார்கள். என் கோபம் விருந்தாளிமேல் இல்லை. 2024-இல் எங்கள் விமான நிலையத்தைக் கடந்தவர்கள் 3 கோடியே 30 லட்சம். தீவில் வாழ்பவர்கள் பத்து லட்சம்கூட இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் என்னோடு வேலை செய்கிற ஒருவர் இரண்டு வருடமாக கேரவனில் குடியிருக்கிறார். மருத்துவர், ஆசிரியர்கூட வீடு கிடைக்காமல் தீவுக்கு வர மறுக்கிறார்கள். பிரச்சினை எண்ணிக்கையிலும் வீட்டிலும்தான் இருக்கிறது.

அதனால்தான் உரிமம் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன். காசு உள்ளவர்கள் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று அரசியல்வாதிகள் சொல்வதையும் நான் நம்பவில்லை. பணக்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்த வீடுகளும் எங்களுக்கு இல்லாமல் போன வீடுகள்தான். ஆனால் கூட்டம் குறைந்த மாதத்தில் வந்து, உள்ளூர்க் குடும்பம் நடத்தும் இடத்தில் தங்கி, உள்ளூர்த் தக்காளியைச் சாப்பிட்டு, ரூம் சுத்தம் செய்கிற பெண்ணுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவரை யாரும் இங்கே வெறுக்க மாட்டார்கள். அந்தப் பெண்களின் முதுகு என்ன பாடுபடும் தெரியுமா? பல வருடம் போராடித்தான் 2022-இல் இந்தத் தீவுகளின் சுற்றுலாச் சட்டத்தில் உயர்த்தி இறக்கக்கூடிய கட்டில்கள் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். அடுத்த முறை ஐந்து நட்சத்திர ரூமில் படுக்கும்போது கட்டிலின் அடியில் பாருங்கள்.

---

மேற்குமலை எழுதியது:

வாய்ப்பிருந்தால் தேயா கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1929-இல் அந்த ஊருக்கு வந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வந்தபோது வெளியேறி, 1946-இல் திரும்பி, 1985-இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். பின்னாளில் அங்கே வந்த பெரிய ஓட்டல்களுக்கும் பிரபலங்களுக்கும் அவர் பெயரும் ஒரு காரணம்.

---

கடலோரம் எழுதியது:

போய் வந்துவிட்டோம். ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பால்மாவில் மூன்று இரவு, சோயெருக்கு மேலே நான்கு இரவு. 5,400 யூரோ முடிந்தது, தலையணை உறை உட்பட. தறிக்காரி, கடைக்காரம்மாவின் முன்னாலேயே துணியைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்த் தறியையே காட்டினார்.

கடலுக்கும் போனோம். எஸ் திரெங்க் கடற்கரையில் கரையோரம் முழுக்கப் பழுப்பு நிறச் சருகு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் குப்பை என்று முகம் சுளித்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே வைத்திருந்த பலகையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது பொசிடோனியா. பாசி இல்லை, கடலுக்குள் பூக்கிற செடி. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் கிடக்கும் சருகு மணலை அலை அரிக்காமல் பிடித்து வைக்கிறது. அதன்மேல் படகுகள் நங்கூரம் போடுவதை 2018-இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சருகுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. தேங்காய் நாரை உருட்டி வைத்ததுபோல, கையில் எடுத்தால் எடையே இல்லை. இவர் ஒன்றை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

தேயாவில் கிரேவ்ஸின் கல்லறையைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பளிங்கு எதுவும் இல்லை. சிமெண்டு ஈரமாக இருக்கும்போது யாரோ கையால் எழுதிய எழுத்து: பெயர், கவிஞர் என்ற ஒரு சொல், பிறந்த நாள், இறந்த நாள். எழுத்து கொஞ்சம் கோணல். கீழே கடல் தெரிகிறது.

தும்பெத் இவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. பண்ணை வீட்டம்மாவிடம் கேட்டுச் செய்முறையை எழுதி வந்திருக்கிறேன். கத்தரிக்காயை உப்புப் போட்டு ஒரு மணி நேரம் வடியவிட வேண்டுமாம், அதில் அவசரப்பட்டால் எண்ணெய் குடித்துவிடுமாம்.

பெரிய நீச்சல் குளம் கேட்டவர் அந்தத் தொட்டியிலேயே காலையும் மாலையும் கிடந்தார். கடைசி நாள் தண்ணீர் விழுகிற அந்தக் கல் வாய்க்காலின் கீழே தலையைக் காட்டிக்கொண்டு நின்றவரை நான் மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

இனிக் கேள்வி. வாதுமை பூக்கும்போது மறுபடி வர வேண்டும் என்கிறார். பிப்ரவரியில் வந்தால் அந்த வீடு திறந்திருக்குமா, பால்மாவாசி தம்பி?

---

பால்மாவாசி எழுதியது:

மலை வீடுகள் பலதும் பிப்ரவரியில் மூடியிருக்கும் அக்கா, உங்கள் வீட்டம்மாவிடம் நேரே கேட்டுப் பாருங்கள். பூ ஜனவரி கடைசியிலேயே தொடங்கிவிடும். பால்மாவிலேயே தங்கிக்கொண்டு பகலில் சமவெளிப் பக்கம் போய் வரலாம். பிப்ரவரி 2-ஆம் தேதியைச் சேர்த்து டிக்கெட் போடுங்கள். அன்று காலை கதீட்ரலில் கிழக்கு வட்டச் சன்னலின் வெளிச்சம் நேரெதிர்ச் சுவரில் மேற்குச் சன்னலுக்குக் கீழே விழும். இரண்டு வட்டமும் சேர்ந்து எட்டு மாதிரி நிற்கும். வருடத்தில் இரண்டே நாள்தான், அன்றும் நவம்பர் 11-ஆம் தேதியும். வானம் தெளிவாக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு முன்னாலேயே வந்து வரிசையில் நில்லுங்கள், நானும் வருகிறேன்.